பத்து வார விடுமுறையும் நான்கு யூத முகாம்களும்

நியூ ஜெர்சியில் ஜூன் மூன்றாம் வாரம் பள்ளிக்கூடத்தை மூடினால் செப்டம்பர் முதல் வாரம்தான் திறப்பார்கள். நடுவே பத்து வாரம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் அந்தப் பத்து வாரத்தை எப்படிக் கடத்துவது என்ற கவலை முந்தைய அக்டோபரிலேயே தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கான கோடை முகாம்களின் முன்பதிவுச் சலுகைகள் அப்போதுதான் வரும். எங்கள் மகளுக்குப் பத்து வயது. என் கணவர் யூதர், நான் மதுரைக்காரி. அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சீர்திருத்த யூத ஆலயம் ஒன்றில் எபிரேய எழுத்துப் படிக்கிறாள், கார்த்திகைக்கு என்னோடு அகல் ஏற்றுகிறாள். இந்த 2026 கோடையில் அவளை யூத முகாமுக்கு அனுப்புவது என்று பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டோம். எந்த முகாம் என்று முடிவு செய்ய நான்கு மாதம் ஆயிற்று. எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களில் இருக்கும் தமிழர்கள் இரண்டு மூன்று பேர் இதையே என்னிடம் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் அம்மா முன்வைத்த வழியைச் சொல்லிவிடுகிறேன். “காசு கொடுத்துப் பெண்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவார்களா யாராவது? இங்கே அனுப்பு” என்றார். நியாயமான யோசனைதான், நாங்களெல்லாம் முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே தாத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூனில் திறந்துவிடுகின்றன. இவள் போய் இறங்கும்போது அத்தை பிள்ளைகள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவார்கள். பகல் முழுவதும் பாட்டியோடு தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருப்பாள். மதுரைப் பயணத்தை டிசம்பருக்குத் தள்ளினோம்.

என் மாமியாருக்கு இதில் குழப்பமே இல்லை. சிறுவயதில் கேட்ஸ்கில் மலைப்பக்கம் ஒரு முகாமுக்கு ஆண்டு தவறாமல் போனவர். அந்தப் பாட்டுகளைப் பாத்திரம் கழுவும்போது இன்னும் பாடுகிறார். அமெரிக்க யூதர்களுக்கு இந்த முகாம்கள் எப்படி இவ்வளவு பெரிய விஷயமாயின என்று அவர் மூலம்தான் புரிந்தது. 1902இல் ஹட்சன் பள்ளத்தாக்கின் கோல்டு ஸ்பிரிங் அருகே தொடங்கிய சர்ப்ரைஸ் லேக் முகாம், நியூயார்க்கின் கீழைப் பகுதியில் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நல்ல காற்றும் வயிறாரச் சோறும் தருவதற்காக வந்தது. பல விடுதிகளும் முகாம்களும் யூதர்களைச் சேர்க்க மறுத்த காலம் அது. நாற்பதுகளில் நோக்கம் மாறியது. ஐரோப்பாவின் யூத வாழ்வு அழிந்துகொண்டிருந்தபோது, மொழியையும் வழிபாட்டையும் அமெரிக்க மண்ணில் நட்டு வளர்க்க இடம் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நடக்காதது ஏரிக்கரையில் நடக்கும் என்று கண்டுகொண்டார்கள். எபிரேயத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற மசாத் முகாம் 1941இல் வந்தது. அங்கே பேஸ்பால் ஆட்டத்துக்குக்கூட எபிரேயச் சொற்கள் உண்டாக்கினார்கள். கன்சர்வேடிவ் பிரிவின் (மரபு மாறாத ஆர்த்தடாக்ஸுக்கும் நெகிழ்வான சீர்திருத்தத்துக்கும் நடுவே நிற்கும் யூதப் பிரிவு) முதல் ரமா முகாம் 1947இல் விஸ்கான்சினின் கோனோவரில் தொடங்கியது. ஐந்து ஆண்டு கழித்து, 1952இல், சீர்திருத்தப் பிரிவு அதே மாநிலத்தின் ஒக்கோனோமோவாக்கில் தன் முதல் முகாமைத் திறந்தது.

எங்கள் பட்டியலில் கடைசியில் நின்றவை நான்கு: பக்கத்து யூதச் சமூக மையத்தின் பகல் முகாம், நியூயார்க் மாநிலத்து விங்டேலில் இருக்கும் ரமா, மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டனில் இருக்கும் சீர்திருத்தப் பிரிவின் ஐஸ்னர், பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுன்டியில் இருக்கும் ஹபோனிம் ட்ரோர் இயக்கத்தின் கலீல். ஆர்த்தடாக்ஸ் முகாம்களை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. பலவற்றில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி முகாம். காலைப்பொழுது வேதப் படிப்புக்கு. அந்த ஒழுங்கில் வளரும் குழந்தைக்கு அது வீடு மாதிரி. எங்கள் வீடு அப்படியில்லை.

பகல் முகாமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வரிச் சங்கதியைத் தவிர. பதின்மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைப் பெற்றோர் வேலைக்குப் போவதற்காகப் பகல் முகாமில் விட்டால், அந்தச் செலவை அமெரிக்க வருமான வரியில் குழந்தைப் பராமரிப்புச் சலுகைக்குக் காட்டலாம். இரவு தங்கும் முகாமின் கட்டணத்தைக் காட்ட முடியாது. என் கணவர் இதை மூன்று முறை நினைவுபடுத்தினார். பஸ் வீட்டு முனையிலேயே ஏற்றிக்கொள்ளும், மாலை நான்கு மணிக்கு இறக்கிவிடும், வெள்ளிக்கிழமை பின்னிய ரொட்டி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பும். ஆறேழு வயதுக்கு இதைவிட நல்லது கிடையாது. பத்து வயதில், ஈரத் துண்டும் சோர்வும் மட்டும் வீட்டுக்கு வரும். முகாமின் உண்மையான வாழ்க்கை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இரவு தங்கும் முகாம்களின் ஒரு நாள் எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஓடுகிறது. எழுந்ததும் மரக்குடிலைப் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு நீச்சல், படகு, மட்பாண்டம், நாடகம், வில்வித்தை. பிள்ளையே தேர்ந்தெடுக்கும் வகுப்புக்கு ஹுக் என்று பெயர். சாப்பாட்டுக்கூடம் ஹதர் ஓகெல். குடிலில் கூடவே தூங்கும் கல்லூரி வயது அண்ணனோ அக்காவோ மத்ரிக் அல்லது மத்ரிகா. ஆங்கில வாக்கியத்தின் நடுவே எபிரேயப் பெயர்ச்சொற்களைப் பொறுக்கிப் போடுகிற இந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டு ஆங்கிலமும் அப்படித்தான். ‘தயிர்சாதம்’, ‘எண்ணெய்’, ‘போதும்’ மூன்றும் மட்டும் தமிழாகவே இருக்கும். பருவத்தில் ஏதோ ஒரு நாள், முன்னறிவிப்பே இல்லாமல், முகாம் மொத்தத்தையும் வண்ணம் வண்ணமாக அணி பிரித்து மக்காபியா என்ற போட்டியைத் தொடங்கிவிடுவார்கள். அது எப்படி வெடிக்கும் என்பது பரம ரகசியம். குரல் போகும்வரை கத்துவார்கள். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் குளித்து வெள்ளை உடுத்துவார்கள். சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரிந்ததும் வட்டமாக நின்று, முறுக்கித் திரித்த மெழுகுவத்தியை ஏற்றி, கிராம்பும் பட்டையும் உள்ள சிறு பெட்டியைக் கைமாற்றி முகர்ந்து, ஓய்வுநாளுக்கு விடைகொடுப்பார்கள். ஒரு நாளை அனுப்பிவைக்கக் கிராம்பு வாசனை! இந்தச் சடங்கு எனக்கு அறிமுகமானபோது என் மாமியாருக்கும் எனக்கும் நடுவே இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், கிட்டாரில் என்பேன். ரமாவில் சப்பாத் என்னும் ஓய்வுநாளின் விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள், ஆகவே வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை இசைக்கருவி கிடையாது. வெறும் குரல், மேசையைத் தட்டும் கைகள். சீர்திருத்த முகாமில் அதே வெள்ளி இரவு கிட்டார் முழங்கும். இன்று அமெரிக்க ஆலயங்களில் பாடப்படும் எத்தனையோ மெட்டுகள், குறிப்பாக 2011இல் மறைந்த டெபி ஃப்ரீட்மன் அமைத்தவை, இந்த முகாம்களின் பாட்டு வட்டத்தில் உருவாகி வளர்ந்தவை. இரண்டையும் நான் காதால் கேட்டேன். கருவியில்லாத பாட்டுத்தான் என்னை உலுக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தினமும் காலை வழிபாடு, எபிரேயத்தில் அறிவிப்பு, கண்டிப்பான கோஷர் (யூத உணவு விதிப்படியான) சமையல் என்று ரமாவில் எல்லாமே ஒரு பிடி இறுக்கம். மூளை வளர்ச்சிக் குறைபாடும் பிற குறைபாடுகளும் உள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்துக்கொள்ளும் திக்வா திட்டத்தை 1970இலேயே தொடங்கியவர்கள் இவர்கள். அது என் மனத்தில் பெரிய மதிப்பெண்.

அப்படியென்றால் ரமாவைத்தானே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? இங்கேதான் எங்கள் குடும்பத்துக்கே உரிய சிக்கல். கன்சர்வேடிவ் பிரிவு யூத அடையாளத்தைத் தாய்வழியாகக் கணக்கிடுகிறது. தாய் யூதரல்லாதவர் என்றால் பிள்ளை முறைப்படி மதம் தழுவ வேண்டும். சீர்திருத்தப் பிரிவின் ராபிகள் (மதகுருக்கள்) 1983இல் ஒரு தீர்மானம் போட்டார்கள்: தாயோ தந்தையோ ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் யூத வழியில் வளர்ந்தால் அது யூதப் பிள்ளையே. கலப்புக் குடும்பத்துக்கு முகாமின் ஏரியும் குதிரையும் பிறகு. இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். சேர்க்கை விதி முகாமுக்கு முகாம் நெகிழ்கிறது என்பதால் நேரடியாகத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. நான் பேசிய ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) அந்த அம்மையார் மிகுந்த கனிவோடு, “பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்” என்றார். அந்தப் ‘பெரும்பாலும்’ எனக்குப் போதவில்லை. குடிலில் விளக்கணைத்த பிறகு பத்து வயதுப் பெண்கள் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ‘நீ பாதிதானே?’ என்று ஒரு குழந்தை கேட்பதை யாராலும் தடுக்க முடியாது. அப்படிக் கேட்டால் ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல, அந்த முகாமின் சட்டமே அவள் பக்கம் நிற்க வேண்டும்.

ஹபோனிம் ட்ரோர் இதையெல்லாம் தாண்டியது. இஸ்ரேலியக் கிப்புட்ஸ் கூட்டுவாழ்க்கையைப் பின்பற்றி எழுந்த தொழிலாளர் சியோனிய இளைஞர் இயக்கம் (சியோனியம் என்பது யூதர்களுக்கு இஸ்ரேலில் தனிநாடு வேண்டும் என்ற கொள்கை). மதச் சடங்கைவிட சமத்துவம் அங்கே பெரிது. தினமும் உடலுழைப்பு உண்டு: கழிவறை கழுவுதல், தோட்டம், சமையலறை. செலவுக்காசை எல்லோரும் பொதுவில் போட்டு, எதற்குச் செலவழிப்பது என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அந்தப் பொதுப்பணத்துக்குக் குபா என்று பெயர். என் அம்மா தொலைபேசியில் அதைக் ‘குப்பை’ என்றே கேட்டுக்கொண்டு, குப்பை பொறுக்கவா இவ்வளவு பணம் என்று கோபித்தார். நடிகர் சேத் ரோகன் கனடாவில் இதே இயக்கத்தின் மிரியம் முகாமில் வளர்ந்தவர். சக பிள்ளைகளுக்கு முன் வாய்திறந்து வாதாடுகிற குழந்தை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே அனுப்பலாம். முகாமை நடத்துவதே பெரும்பாலும் இளைஞர்கள்தான். அது அதன் அழகு, எனக்கு மட்டும் அது கொஞ்சம் பயம். எங்கள் மகள் கூட்டத்தில் கடைசி வரிசைக்காரி. மூன்று பேர் ஓங்கிப் பேசினால் ஐஸ்கிரீமுக்கான தன் வாக்கைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவாள். இன்னும் மூன்று வருடம் போகட்டும் என்று அதை மனத்தில் முடிந்து வைத்திருக்கிறேன்.

பட்டியலில் இல்லாவிட்டாலும் கிண்டர்லேண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நியூயார்க்கின் இடதுசாரி யூதத் தொழிலாளர்கள் 1923இல் தொடங்கிய மதச்சார்பற்ற முகாம், இப்போது மாசசூசெட்ஸின் டாலண்டில் இருக்கிறது. மக்காபியாவுக்குப் பதில் அங்கே ‘அமைதி ஒலிம்பிக்ஸ்’ நடக்கிறது. வழிபாடு கிடையாது. என் கணவருக்கு அது மிகவும் பிடித்தது. ஆனால் மகள் வெள்ளிக்கிழமை விளக்கை விரும்புகிறவள். முகாமுக்குப் போவது அவள்தானே.

இஸ்ரேல் பற்றிய கேள்வியைத் தவிர்க்க முடியாது. ரமா, சீர்திருத்தம், ஹபோனிம் மூன்றுமே சியோனிய முகாம்கள். கோடையில் இஸ்ரேலிலிருந்து இளைஞர்கள் ஊழியர்களாக வருவார்கள், கொடி ஏறும், பாட்டும் நடனமும் அங்கிருந்து வரும். பாலஸ்தீனர்களின் வாழ்வைப் பற்றி எவ்வளவு பேசுவது என்பதில் ஒவ்வொன்றும் வேறு. ஹபோனிம் அதை வெளிப்படையாக விவாதத்துக்கு எடுப்பதில் பெயர்பெற்றது. நான் எல்லா இயக்குநர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: காசாவில் செத்துப்போன குழந்தைகளைப் பற்றி ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்டால் உங்கள் ஊழியர் என்ன சொல்வார்? பதிலைவிட, பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் குரலையும் கவனித்தேன். தயார்செய்த வாக்கியத்தை ஒப்பித்தவரைக் காட்டிலும், ‘எங்களுக்கும் அது கடினமாகத்தான் இருக்கிறது’ என்று தொடங்கியவரை நம்பினேன். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஆலயத்தில் பதினொரு பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, வாசலில் காவல் இருக்கிறதா என்பதும் யூதப் பெற்றோர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியாகிவிட்டது. அதையும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இனி சோற்றுக் கதை. மகள் சைவம். கோஷர் சமையலறை இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்காது என்பது நமக்குப் பாதி வரம், பாதி சாபம். பால் வேளை என்றால் அங்கே துளி இறைச்சிகூட இருக்காது. எல்லோருமே அந்த வேளை அவளைப் போலத்தான் (மீன் மட்டும் வரும், அது இறைச்சிக் கணக்கில் இல்லை). இறைச்சி வேளை என்றால் மேசையில் தயிரோ வெண்ணெயோ பாலாடைக்கட்டியோ எதுவும் வராது. கடைசிக் கவளம் தயிர்சாதம் இல்லாமல் எழுந்திருக்கத் தெரியாத பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல. கண்டிப்பு குறைந்த சீர்திருத்த முகாமிலும் பொதுவாக ஒரே வேளையில் இரண்டையும் கலப்பதில்லை. நெருப்பில் வாட்டும் மார்ஷ்மெல்லோவிலும் ஒரு சூட்சுமம்: சாதாரணமானதில் பன்றி ஜெலட்டின், கோஷர் முத்திரை உள்ளதில் பெரும்பாலும் மீன் ஜெலட்டின். சைவப் பிள்ளைக்கு இரண்டும் ஆகாது. கடல்பாசி போட்டுச் செய்த சைவ மார்ஷ்மெல்லோ விற்கிறார்கள். முன்கூட்டிச் சமையலறைக்குச் சொல்லிவிட்டால் வாங்கி வைப்பார்கள்.

தலைமுடிக்கும் ஒரு வரி. முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பேன் பார்ப்பார்கள். இருந்தால் சில முகாம்கள் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். இடுப்புவரை முடியோடு, எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டு அனுப்புகிற தாய்மார் இரண்டு வாரம் முன்பே பேன் சீப்பை எடுப்பது நல்லது. வடகிழக்குக் காடுகளில் உண்ணியும் உண்டு, லைம் நோயைப் பரப்புவது. இரவில் பிள்ளைகளைத் தாமாகவே உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்களா என்று கேட்டு வையுங்கள். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது இந்த வயதுக்கு அமெரிக்க முகாம் சங்கம் வகுத்த அளவு. அந்தச் சங்கத்தின் அங்கீகாரம் கட்டாயமில்லை, விரும்பி வாங்குவது. வாங்கியிருக்கிறார்களா என்பதே ஒரு தகவல்.

பணத்தைப் பொறுத்தவரை, வடகிழக்கில் இரவு முகாம் வாரத்துக்கு 1,000 டாலருக்கு மேல்தான், பல இடங்களில் 1,500ஐயும் தாண்டும். எட்டு வாரம் முழுதும் என்றால் தலை சுற்றும். 1998இல் தொடங்கப்பட்ட யூத முகாம் அறக்கட்டளை, முதன்முறை இரவு முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு 1,000 டாலர் வரை தருகிறது, வருமானம் கேட்பதில்லை. ஆனால் தங்கும் நாள் குறைந்தால் தொகையும் குறையும், ஊருக்கு ஊர் நிபந்தனையும் மாறும். அதற்காகவே நான்கு வாரம் போட்டுவிடலாம் என்று கணவர் கணக்குப் போட்டார். இந்த ஒரு இடத்தில் நான் விடவில்லை. ஒரு முறைகூட வெளியில் தனியாகத் தூங்காத பிள்ளைக்கு, கைப்பேசியும் இல்லாத இடத்தில், இருபத்தெட்டு நாள் என்பது நீளம். முதல் மூன்று நாளும் வீட்டு நினைவில் அழுவார்கள், ஐந்தாம் நாள் மறப்பார்கள், பத்தாம் நாள் வர மாட்டேன் என்பார்கள் என்று என் மாமியார் சொன்னார். அப்படியென்றால் இரண்டு வாரம் கணக்காக இருக்கிறதே. மீதிக்கு ஏங்கட்டும்.

ஆகவே சீர்திருத்த முகாமின் இரண்டு வாரப் பருவம் என்று முடிவாயிற்று. ஞாயிறு வகுப்புத் தோழி ஒருத்தியும் அதே பருவத்துக்கு வருகிறாள். ஒரே குடில் வேண்டும் என்று படிவத்தில் எழுதிவிட்டோம். முதல் வருடத்துக்கு அந்த ஒரு தோழி, இயக்கத்தின் கொள்கையைவிடப் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. ரமாவின் கருவியில்லாத பாட்டை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. திஷா பஆவ் இழப்பும் உண்டு: கி.மு. 586இலும் கி.பி. 70இலும் ஜெருசலேம் ஆலயங்கள் இடிந்த நாளுக்குத் துக்கம் காப்பது. தரையில் உட்கார்ந்து மங்கிய வெளிச்சத்தில் புலம்பல் என்ற வேதநூலை வாசிப்பார்கள். பள்ளி விடுமுறையில் வருவதால் முகாமுக்குப் போகாத பிள்ளைகள் பலர் அப்படி ஒரு நாள் இருப்பதையே அறியாமல் வளர்கிறார்கள். இந்த ஆண்டு அது ஜூலை 22 இரவு தொடங்குகிறது, நம் ஆடி மாதத்தில். அவளுடைய பருவம் அதற்குள் முடிந்துவிடும்.

நேற்று உள்ளாடை முதல் தண்ணீர்க் குப்பி வரை பெயர்ச் சீட்டு ஒட்டி முடித்தோம். வாரம் ஒரு நாள் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் காட்டினால்தான் இரவுச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் விடுவார்களாம். எனவே முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள் நான்கு கொடுத்தனுப்புகிறேன். எங்களுக்கு இரண்டு, மாமியாருக்கு ஒன்று, என் அம்மாவுக்கு வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டி ஒன்று. மதுரைக்குக் கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் அவள் வீட்டுக்கு வந்து, துணி துவைத்து, எண்ணெயும் வைத்துக்கொண்டிருப்பாள்.